வலது தோளில் எலும்பே தேய்ந்து சரிந்துவிட்டது: மூன்று மருத்துவர்கள் மூன்று அறுவை சொல்கிறார்கள்

விசில் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 62. மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 33 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பொங்கல் வந்தால் சுற்றுவட்டார வாலிபால் போட்டிகளுக்கு இன்னும் நடுவராகக் கூப்பிடுகிறார்கள். போன பொங்கலோடு அதற்கும் முற்றுப்புள்ளி விழுந்துவிடும்போல் இருக்கிறது. நடுவர் மேடையில் நிற்கும்போது, வலப்பக்க அணி புள்ளி எடுத்தால் வலக்கையை அந்தப் பக்கம் நீட்டிக் காட்ட வேண்டும். என் வலக்கை இடுப்புக்கு ஒரு சாண் மேலே வந்ததும் நின்றுவிடுகிறது. "சார், இந்தப் பக்கம் நின்றால் எங்களுக்குப் புள்ளியே கிடையாதா?" என்று ஒரு பையன் கேட்டான். மைதானமே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றிரவு வலியில் தூங்கவில்லை.

கதை பழையது. 1985இல் எழும்பி ஒரு ஸ்மாஷ் அடித்தபோது தோள் முன்பக்கமாக நழுவியது. அதன் பிறகு பதினோரு முறை நழுவியிருக்கிறது. நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒருமுறை பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபோது, ஒருமுறை சோம்பல் முறித்தபோது. 1987இல் அறுவை செய்துகொண்டேன். "இனி நழுவாது தம்பி" என்றார் அந்த மருத்துவர். சொன்னது சொன்னபடி, ஒருநாளும் நழுவவில்லை. ஆனால் அன்றிலிருந்து முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பவே முடிந்ததில்லை. சர்வீஸ் போடச் சொல்லிக் கொடுப்பதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் என்னை இடக்கைக்காரன் என்றே நினைத்திருப்பார்கள்.

எட்டு ஆண்டுகளாக வலி. இப்போது தலை சீவ இடக்கை, சட்டை மாட்ட மனைவி. கையை அசைத்தால் அம்மியில் கல் அரைபடுவதுபோல ஒரு சத்தம். பேரன் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போய் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்.

சிடி ஸ்கேன் அறிக்கையில் உள்ளவை இவை. தோள் கிண்ணத்தின் பின்பாதி தேய்ந்து, ஒரே கிண்ணம் இரண்டு குழிகளாகத் தெரிகிறது. பி2 வகை என்று எழுதியிருக்கிறார்கள். கிண்ணத்தின் பின்சாய்வு 24 பாகை. மேற்கை எலும்பின் பந்துபோன்ற தலை பின்னோக்கி நகர்ந்து, அதில் 78 சதவீதம் கிண்ணத்தின் நடுக்கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது. தோளைச் சுற்றியிருந்து கையைத் திருப்பும் சுழற்சித் தசைகள் அறுபடவில்லை. ஆனால் முன்பக்கத் தசை தழும்பாகிச் சுருங்கி, கொழுப்பு ஏறியிருக்கிறது.

தஞ்சையில் பார்த்தவர், பந்தை மட்டும் மாற்றினால் போதும், கிண்ணத்தைத் தொட வேண்டாம், செலவும் குறைவு என்கிறார். திருச்சிக்காரர் பந்து, கிண்ணம் இரண்டையும் இயற்கையில் இருப்பதுபோலவே மாற்றலாம், கிண்ணத்தின் உயர்ந்த பக்கத்தைச் சீவிச் சமன் செய்துவிடலாம் என்கிறார். கோயம்புத்தூரில் பார்த்தவர் ரிவர்ஸ்தான் சரி என்கிறார். அதாவது கிண்ணம் இருந்த இடத்தில் பந்தும், பந்து இருந்த இடத்தில் கிண்ணமுமாக மாற்றிப் பொருத்துவார்களாம். கேட்டதும் நான், "ஐயா, கோல்கம்பத்தை மைதானத்தின் நடுவில் நடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். நல்லவேளை, கோபித்துக்கொள்ளவில்லை.

மூவரும் படித்தவர்கள், மூவரும் பொறுமையாகவே பேசினார்கள். அதனால்தான் குழப்பம் கூடுகிறது. எனக்குச் சர்க்கரை உண்டு; மூன்று மாத சராசரி 8.4. வலிக்காகத் தோளுக்குள் போட்ட கடைசி ஊசி சென்ற மாதம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், விவரம் வேண்டும். கை நீட்டிப் புள்ளி காட்ட முடியுமா, இரவில் தூங்க முடியுமா, இந்த இரண்டும்தான் என் கேள்வி.

---

பச்சை மிளகாய்

சார், எதற்கு அறுவை? என் சகலைக்கு முழங்காலில் ஸ்டெம் செல் ஊசி போட்டார்கள், இப்போது ஓடுகிறார். தோளுக்கும் போடுகிறார்கள். விசாரியுங்கள்.

---

விசில் வாத்தியார்

தம்பி, உங்கள் சகலை ஓடட்டும், மகிழ்ச்சி. எனக்குப் போயிருப்பது எலும்பு. சுவர் இடிந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து என்ன பயன்? வலிக்காக இரண்டு ஊசி போட்டாயிற்று. முதல் ஊசி நான்கு மாதம் தாங்கியது, இரண்டாவது பதினெட்டு நாள்.

---

வெயிலூர் அக்கா

அண்ணா, எனக்கு வயது 67, விருதுநகர். இடது தோளில் ரிவர்ஸ் செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கதை வேறு, என் கதை வேறு. எனக்குச் சுழற்சித் தசை முழுக்க அறுந்து, எலும்புத் தலை மேலே ஏறி உரசித் தேய்ந்தது. ஆனாலும் செய்துகொண்டவள் என்ற முறையில், மருத்துவர்கள் சொல்லாமல் விடும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நல்லது. வலி போய்விட்டது. அறுவை வலி வேறு, அது மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். பழைய வலி மறுநாளே இல்லை. இப்போது அடுப்படி மேல்தட்டில் இருக்கும் வெல்ல டப்பாவை இடக்கையால் எடுக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் கையால் பல் துலக்கும் குவளையைக்கூடத் தூக்க முடியாது.

இனி மற்றவை. அறுவைக்கு முன் கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது இடது இமை பாதி மூடிக் கிடந்தது, குரல் கம்மியிருந்தது, மூச்சு முழுதாக இழுக்க முடியாததுபோல் இருந்தது. பக்கவாதம் வந்துவிட்டது என்று என் மகள் அழுதே விட்டாள். அது அந்த ஊசியின் வேலையாம். மறுநாள் காலையில் எல்லாம் சரியானது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள். கை அன்று முழுவதும் யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருள்போல வயிற்றின்மேல் கிடந்தது.

ஐந்து வாரம் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினேன். கட்டிலில் மல்லாந்து படுத்தால் முழங்கை பின்னால் சரிந்து இழுக்கும். முழங்கைக்கு அடியில் ஒரு சிறிய தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாருமே எழுதுவதில்லை. ரிவர்ஸ் செய்த கை மேலே நன்றாகப் போகும், முதுகுக்குப் பின்னால் போகாது. எனக்கு இடக்கை. கழிவறையில் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். மூன்று மாதம் பிறந்த குழந்தைபோல எல்லாவற்றையும் புதிதாகப் பழகினேன். பிறகு சுவரில் கைக்குழாய் பொருத்தினோம். ரவிக்கைகளுக்கெல்லாம் முன்பக்கம் கொக்கி வைத்துத் தைத்தேன். இப்போதும் இடக்கை பின்பாக்கெட் இருக்கும் இடம்வரைதான் போகிறது, முதுகு தேய்க்க எட்டாது. உங்களுக்கு வலக்கை என்பதால் அந்தச் சங்கடம் இருக்காது. சாப்பிடுவது, தலை சீவுவது, கும்பிடுவது எல்லாம் வரும்.

---

ஓய்வறியாக் கணக்கர்

திருச்சிக்காரர் சொன்னதைச் செய்துகொண்டவன் நான். ஊர், மருத்துவமனை வேண்டாம். 2013இல் எனக்கு 56 வயது. கிண்ணம் பின்பக்கம் தேய்ந்திருந்தது. எத்தனை பாகை என்று அப்போது யாரும் அளந்து சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. எக்ஸ்ரே மட்டும்தான் எடுத்தார்கள், சிடி எடுக்கவில்லை. உயர்ந்த பக்கத்தைச் சீவிவிட்டுப் பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார்கள்.

ஐந்து ஆண்டுகள் ராஜாபோல இருந்தேன். ஸ்கூட்டர், தோட்டம், எல்லாம். ஆறாம் ஆண்டில் கையை முன்னால் நீட்டும்போது உள்ளே ஒரு 'டக்'. ஏழாம் ஆண்டில் அந்த 'டக்' வலியாயிற்று. பிளாஸ்டிக் கிண்ணம் கழன்று ஆடிக்கொண்டிருந்தது; அது ஆடி ஆடி அடியிலிருந்த எலும்பையும் தின்றுவிட்டது. மறு அறுவையில் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்து, அதன்மேல் ரிவர்ஸ் பொருத்தினார்கள். தோள் வலியைவிட இடுப்பு வலி அதிக நாள் இருந்தது. இப்போது கை தோள் உயரத்துக்குச் சற்று மேலே போகிறது, அவ்வளவுதான்.

திருச்சிக்காரர் தப்பாகச் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. என் தங்கைக்கு 2012இல் இதே வகை மூட்டுதான் வைத்தார்கள்; அவளுக்குக் கிண்ணம் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது. இன்றும் ஒரு குறையும் இல்லை. இட்லி மாவு அரைத்துத் தூக்கி வைக்கிறாள். எவ்வளவு சீவப் போகிறீர்கள், சீவிய பிறகு எவ்வளவு எலும்பு மிஞ்சும் என்று அவரிடம் மில்லிமீட்டரில் கேளுங்கள்.

---

எலும்பும் தோலும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் எலும்பு மூட்டு அறுவை மருத்துவன். தோள் அறுவைதான் அதிகம் செய்கிறேன். உங்கள் படங்களைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மூவர் ஏன் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்பதை விளக்க முடியும்.

உங்கள் தோள் ஏன் இப்படித் தேய்ந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1987இல் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் புட்டி-பிளாட் அறுவையாக இருக்கும். இத்தாலியின் புட்டி, இங்கிலாந்தின் பிளாட் என்ற இருவர் பெயரில் வழங்குவது. தோளின் முன்பக்கத் தசையை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இறுக்கித் தைப்பார்கள். கொக்கி போடுவதற்குப் பதில் சட்டையையே பிடித்துத் தைத்த மாதிரி. தோள் நழுவாது, ஆனால் வெளிப்பக்கம் திரும்பவும் செய்யாது. அந்தத் தசையில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் வெளிச்சுழற்சியில் ஏறக்குறைய 20 பாகை போய்விடும். முன்பக்கம் இறுக்கிக் கட்டியதால் பந்து பின்பக்கம் தள்ளப்பட்டது. 38 ஆண்டுகளாக அது கிண்ணத்தின் பின்விளிம்பிலேயே உட்கார்ந்து அரைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த அறுவையைச் செய்தவர் பிழை செய்யவில்லை. அன்று அதுதான் நல்ல வைத்தியம்.

இப்போது பி2 என்ற எழுத்துக்கு வருகிறேன். பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் ஜில் வால்ஷ் 1999இல் தன் குழுவினருடன் சேர்ந்து வகுத்த பிரிவு அது. நடுவில் சீராகத் தேய்ந்தால் ஏ வகை. பந்து பின்னால் நகர்ந்து, பழைய குழிக்குப் பக்கத்தில் புதுக் குழி தோண்டிக்கொண்டால் பி2. கணக்கர் ஐயாவின் தங்கைக்கு இருந்தது ஏ வகையாக இருக்கலாம். அங்கே இயற்கை அமைப்பிலான முழு மாற்று மிக நன்றாக உழைக்கும்.

தஞ்சை மருத்துவர் சொன்ன அரை மாற்று: பந்து உலோகமாகிவிடும், கிண்ணம் பழையபடியே சரிந்திருக்கும். சரிந்த திண்ணையில் பித்தளைக் குடத்தை வைத்தால் மட்டும் நிற்குமா? தேய்மானம் தொடரும், பலருக்கு வலியும் தொடரும். கிண்ணத்தைக் கடைந்து ஒரே குழியாக்கி, பிளாஸ்டிக் வைக்காமல் உலோகப் பந்தை மட்டும் பொருத்தும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மேட்சன் என்ற மருத்துவர் அதை வளர்த்தெடுத்தார். எடை தூக்கும் வேலையை விட முடியாத, வலியைத் தாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்யக்கூடியவர்களுக்கு அது. தஞ்சை மருத்துவர் சொன்னது அதையா, வெறும் அரை மாற்றையா என்று கேட்டுத் தெளிவுபெறுங்கள். முன்தசை இவ்வளவு சுருங்கிய தோளுக்கு இரண்டையுமே நான் விரும்ப மாட்டேன்.

திருச்சி மருத்துவர் சொன்ன முழு மாற்றில்தான் விஷயம் இருக்கிறது. உயர்ந்திருக்கும் முன்பக்கத்தைச் சீவினால் பின்பக்கத்துக்குச் சமமாகும், உண்மை. ஆனால் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்பு புனல்போல உள்ளே போகப்போக ஒடுங்கும். ஏறத்தாழ 10 பாகை, மிஞ்சினால் 15 பாகைவரை சீவித் திருத்தலாம். 24 பாகையையும் சீவியே நேராக்கப் பார்த்தால், பிளாஸ்டிக் கிண்ணத்தின் முளைகள் ஊன்றுவதற்கு எலும்பு மிஞ்சாது. பாதி திருத்திவிட்டு விட்டாலோ பந்து மறுபடியும் பின்னுக்கே வழுக்கும். உங்கள் பள்ளிக்கூட பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் ஓரத்தில் உட்கார்ந்தால் மறுமுனை தூக்கும் அல்லவா? கிண்ணத்தின் பின்விளிம்பிலேயே பந்து அழுத்தினால் முன்விளிம்பு ஒவ்வோர் அசைவிலும் தூக்கிக்கொண்டே இருக்கும். கணக்கர் ஐயா கேட்ட 'டக்' அதுதான்.

வால்ஷ் குழுவினரே பி2 கிண்ணம் இருந்த 92 தோள்களில் முழு மாற்றுச் செய்து 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஆறரை ஆண்டுகளுக்குள் 100க்கு 16 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. பின்சாய்வு 27 பாகையைத் தாண்டியவர்களிடம் கழன்றுபோவதும் நழுவுவதும் மிக அதிகம். நீங்கள் அந்த வரம்புக்கு ஓர் அடி இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். அதனால்தான் திருச்சி மருத்துவர் சொன்னதையும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. பின்பக்கம் தடித்த ஆப்பு வடிவப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் இப்போது கிடைக்கின்றன. சீவுவதைக் குறைத்து, பள்ளத்தை அதனால் நிரப்பலாம். உங்களுக்கு முன்தசை நன்றாக இருந்து வயதும் 50 என்றால் நானே அதைத்தான் யோசிப்பேன்.

ஆனால் இயற்கை அமைப்பு மூட்டு நிற்பது தசைகளின் தயவில். முன்தசையை வெட்டித்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போது தைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை மடித்துத் தைத்து, சுருங்கி, கொழுப்பேறிய தசை அது. அந்தத் தையல் விட்டுப்போனால் 1985இல் நழுவியதுபோல முன்பக்கம் நழுவும்.

ரிவர்ஸ் மூட்டுக்கு அந்தத் தசையின் தயவு அவ்வளவு தேவையில்லை. பிரான்சின் திஜோன் நகரில் பால் கிராமோன் 1985இல் உருவாக்கியது. உங்களுக்கு முதன்முதலாகத் தோள் நழுவிய அதே ஆண்டு! பந்தைத் தோள்பட்டை எலும்பின் பக்கம் திருகி வைப்பதால் சுழற்சி மையம் உள்ளே தள்ளியும் கீழே இறங்கியும் அமைகிறது. தோளின் மேல் கவசம்போல இருக்கும் டெல்டாய்ட் தசைக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. அது ஒன்றே கையைத் தூக்கிவிடும். பந்தும் கிண்ணமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் பின்னால் வழுக்கும் சிக்கலும் குறைவு. பந்தைத் தாங்கும் அடித்தட்டைச் சிமெண்ட் இல்லாமல் திருகாணிகளால் முடுக்குவார்கள். தேய்ந்த பின்பக்கத்தை நிரப்ப, வெட்டி எடுக்கும் உங்கள் பந்தெலும்பிலிருந்தே ஆப்புபோல ஒரு துண்டைச் செதுக்கி வைக்கலாம். அல்லது ஆப்பு வடிவ உலோக அடித்தட்டு வைக்கலாம். இடுப்பைத் தொட வேண்டியதில்லை. முதல் அறுவை என்பதால் உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. கணக்கர் ஐயாவுக்கு அது இல்லாமல் போயிற்று.

ரிவர்ஸுக்கும் கெட்ட குணங்கள் உண்டு. மூட்டு நழுவலாம். தோளின் உச்சி எலும்பில் கீறல் முறிவு வரலாம். கை பின்னால் போவது குறையும். அக்கா எழுதியதை நான் என் நோயாளிகளுக்குப் படிக்கக் கொடுக்கப்போகிறேன். வைத்த மூட்டு பத்து ஆண்டுகள் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இடத்திலேயே இருக்கிறது. அது தோற்றால் அடுத்த அறுவை கடினம். 62 வயதுக்காரரிடம் இதை மறைக்கக் கூடாது.

அவசரப்படாதீர்கள். ஊசி போட்டு மூன்று மாதமாவது ஆகாமல் மூட்டு மாற்றினால் கிருமித் தொற்று அபாயம் கூடும். சர்க்கரையையும் அந்த மூன்று மாதத்தில் 7.5க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

---

புதுக்கோட்டை வாசகி

நடுவில் ஒரு வார்த்தை. என் சித்தப்பாவுக்கும் தோள் எலும்பு அரித்திருக்கிறது, தேய்மானம் என்றுதான் ஓர் ஆண்டு மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் எலும்புக் காசநோய். வீக்கமில்லை, சீழில்லை, காய்ச்சல்கூட இல்லை. கை மட்டும் மெலிந்துகொண்டே போயிற்று. மூட்டு மாற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

---

எலும்பும் தோலும்

நல்ல நினைவூட்டல், அம்மா. தோளில் வரும் காசநோய் பெரும்பாலும் அப்படி வறண்ட வகையாகவே வரும். ஆசிரியருக்கு இருக்கும் பின்பக்கச் சரிவும் பழைய அறுவைக் கதையும் அதற்குப் பொருந்தவில்லை. ஆனாலும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இரத்தப் பரிசோதனை மலிவு, செய்துவிடலாம். முன்பு கீறிய தோள் என்பதால் அறுவையின்போது நான்கைந்து இடங்களிலிருந்து திசு எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். 14 நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும். தோள் அறுவைக்குப் பின் பெரும்பாலும் தொற்றும் கிருமி, முகப்பருவில் வாழும் அதே கிருமி. அக்குள் பக்கம் குடியிருக்கும், மெதுவாகத்தான் வளரும், ஐந்தாம் நாளே தட்டைக் கழுவி ஊற்றிவிட்டால் தெரியாது.

---

விசில் வாத்தியார்

டாக்டர் ஐயா, 33 ஆண்டு நான் பெஞ்சைப் பார்த்திருக்கிறேன், அதில் இவ்வளவு பாடம் இருப்பது தெரியாது. பிரின்ட் எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "கேள்வி கேட்க வேண்டியது திருச்சியில்தான்" என்றார். போன வாரம் போனேன்.

கணக்கர் ஐயா சொன்னபடி மில்லிமீட்டரில் கேட்டேன். அவர் கணினியில் என் தோள்பட்டை எலும்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். சாம்பல் நிறத்தில், ஒரு பக்கம் கடித்த கொய்யாப்பழம்போல இருந்தது. முழுவதும் சமன் செய்தால் முன்பக்கம் 9 மில்லிமீட்டர் போகும் என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முன்தசை எம்ஆர்ஐயை மறுபடி திறந்து பார்த்துவிட்டு, "நீங்கள் கோயம்புத்தூரிலேயே செய்துகொள்வது நல்லது, அவர் இந்த வகையை நிறையச் செய்கிறார்" என்று தானே கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்படிச் சொல்ல ஒரு மனது வேண்டும். அவரைப் பற்றி இங்கே ஏறுக்குமாறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

செலவு நாலரை லட்சம் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வூதியர் காப்பீட்டில் எவ்வளவு வரும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்த கேள்வி பயிற்சி பற்றி. யாராவது பிசியோதெரபி படித்தவர்கள் இருக்கிறீர்களா? ஆறு வாரம் சும்மா இருக்கச் சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

---

மதுரை பிசியோ

சார், நான் இருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு ஆபத்து. உடற்பயிற்சி ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், பழைய விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் பத்து முறை செய்யச் சொன்னால் ஐம்பது முறை செய்துவிட்டு வந்து நிற்பார்கள். எலும்புத் துண்டு ஒட்ட வேண்டிய இடத்தில் அந்த வீரம் வேண்டாம்.

பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில்தான். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். தோளை உங்கள் மருத்துவர் சொல்லும்வரை நீங்களாகத் தூக்கக் கூடாது. ரிவர்ஸ் மூட்டு நழுவுவது ஓர் அசைவில்தான்: கை உடலோடு ஒட்டி, உட்பக்கம் திரும்பி, பின்னால் போகும் அசைவு. அதாவது நாற்காலியில் கையை ஊன்றி எழுவது, சட்டையைப் பின்பக்கம் செருகுவது. மூன்று மாதம் இவை கூடவே கூடாது.

அறுவைக்கு முன் இந்த மூன்று மாதத்தில் இரண்டு வேலை செய்யுங்கள். டெல்டாய்டை வலுப்படுத்துங்கள், கையை அசைக்காமல் சுவரில் முழங்கையை அழுத்தி ஐந்து எண்ணினால் போதும். இன்னொன்று, இடக்கையாலேயே லுங்கி கட்டவும் சோறு பிசையவும் பழகுங்கள்.

கை நீட்டிப் புள்ளி காட்ட முடியுமா என்று கேட்டீர்கள். தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டுவது, ரிவர்ஸ் செய்த பெரும்பாலோருக்கு நான்கைந்து மாதத்தில் வந்துவிடுகிறது. சர்வீஸை வலக்கைக்கு மாற்றலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

---

விசில் வாத்தியார்

சட்டையைச் செருகக் கூடாதா! 33 ஆண்டு காலை வழிபாட்டில் "சட்டையை உள்ளே விடு" என்று பிள்ளைகளை விரட்டியவன். இப்போது நான் வெளியே விட்டுக்கொண்டு தெருவில் போனால், எத்தனை பேர் நின்று பார்ப்பார்களோ தெரியவில்லை.

தேதி குறித்தாயிற்று, தை முடிந்து. சர்க்கரை 7.6க்கு வந்துவிட்டது; வெள்ளைச் சோற்றைக் குறைத்தது மனைவி, பெருமை எனக்கு. இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் சாதாரணம். சாய்வு நாற்காலி பெரியப்பா வீட்டிலிருந்து வந்துவிட்டது, துணி மட்டும் புதிதாக மாட்ட வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாள் வலப்பக்கம் மேலே இருந்தது. தச்சரைக் கூப்பிட்டு இடக்கைக்கு எட்டும்படி கீழே இறக்கிவிட்டேன். அக்கா, உங்கள் தலையணை யோசனையும் குறிப்பில் இருக்கிறது. இமை மூடினால் பயப்பட வேண்டாம் என்று மகனுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

இந்தப் பொங்கல் போட்டிக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடையில் ஏறாமல் கீழே ஸ்கோர் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் ஐயா, ஒன்றே ஒன்று: அக்குளில் தடவ முகப்பருக் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதம். கடைக்காரப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அது துணியில் பட்டால் சாயம் போகும் என்கிறானே, உண்மையா?

---

எலும்பும் தோலும்

உண்மைதான், ஐயா. அந்த நாட்களில் வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளுங்கள்.